வாப்பா ‘தந்தை’யான கதையும் ஈமேக்ஸின் எல்லைக்கோடும்

நம் சஞ்சிகைக்கு வந்த ஆக்கங்களை ஒரே கோப்பில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். கட்டுரை எழுதிய மாணவி ஒருத்தி, தன் கட்டுரையில் ‘வாப்பா’ என்று வரும் இடங்களையெல்லாம் ‘தந்தை’ என்று மாற்றித் தரும்படி கேட்டாள். தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரு நொடியில் முடிந்தது. கோப்பைச் சேமித்து மூடியும் விட்டேன்.

அடுத்த நாள் அச்சுப்படி பார்த்தபோதுதான் விளங்கியது. அதே கோப்பில் இருந்த இன்னொருத்தியின் கவிதையிலும் வாப்பா காணாமற் போயிருந்தார். ‘வாப்பாவுக்கு’ என்றிருந்தது ‘தந்தைவுக்கு’ என்றாகியிருந்தது. அவள் தன் வாப்பாவை ஒருநாளும் தந்தை என்று கூப்பிட்டதில்லை. கவிதையின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருந்தது. திருப்பி மாற்றலாமென்றால் அதுவும் ஆபத்து. வரலாற்றுக் கட்டுரையில் ‘தந்தை செல்வா’ இருக்கிறார். அவரை ‘வாப்பா செல்வா’ ஆக்க முடியுமா? கடைசியில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் திருத்தினேன்.

தவறு என்னுடையதுதான். ஆனாலும், “இந்தக் கட்டுரைக்கு அப்பால் போகாதே” என்று கணினிக்குச் சொல்ல ஒரு வழி இருக்காதா என்று நானாவிடம் கேட்டேன். அவர் காட்டியதுதான் ஈமேக்ஸ். 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் பிறந்த இந்த உரைத்தொகுப்பியை, 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ ஈமேக்ஸ் என்ற பெயரில் யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். கோப்பொன்றைத் திறந்தால் அதன் எழுத்துகள் நினைவகத்தில் ஓரிடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். நாம் விரும்பிய பகுதியைத் தெரிவு செய்து, கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ், பிறகு என், மறுபடியும் என் என்று தட்டினால், பஃபரில் அந்தப் பகுதி மட்டும் எஞ்சும். மற்றவை கண்ணிலிருந்து மறையும். இதை நேரோயிங், அதாவது ஒடுக்குதல் என்கிறார்கள்.

மறைந்தவை அழிந்துவிடவில்லை. மருதமுனையில் கைத்தறி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நெய்து முடித்த துணி முன்னாலுள்ள உருளையில் சுருண்டிருக்கும். நெய்ய வேண்டிய நூல் பின்னால் சுருண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே விரிந்திருக்கும் சிறிய இடத்தில்தான் நாடா ஓடும். துணியை யாரும் வெட்டவில்லை, நாடாவுக்கு எட்டாமல் வைத்திருக்கிறார்கள். ஒடுக்கிய நிலையில் சேமித்தாலும் முழுக் கோப்பும்தான் சேமிக்கப்படும். கன்ட்ரோல் எக்ஸ், என், டபிள்யூ என்று தட்டினால் எல்லாம் திரும்ப விரியும்.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. இந்த எல்லை நம் கண்ணுக்கு மட்டுமல்ல, செய்நிரலுக்கும் பொருந்தும். ‘தொடக்கம் எங்கே, முடிவு எங்கே’ என்று செய்நிரல் கேட்டால், ஒடுக்கிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையுமே ஈமேக்ஸ் சொல்லும். 4000ஆம் இடத்திலிருந்து 6500 வரை ஒடுக்கியிருந்தால், முதலாம் இடத்துக்குப் போ என்றாலும் அது 4000இல்தான் போய் நிற்கும். வெளியே உள்ளதை அழிக்க முயன்றால் பிழைச்செய்தி வரும். தேடி மாற்றும் செய்நிரலை எழுதியவர் என் கட்டுரையைப் பற்றி எதுவும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அதற்குள் ஒரு வரியையும் மாற்றாமலே அதைக் கட்டுக்குள் வைத்துவிடலாம்.

ஐ.சி.ரி. படிக்கும் தோழியர், பைதனில் ஒரு சரத்தின் துண்டை எடுப்பது போலத்தானே என்று கேட்கக்கூடும். இல்லை. அங்கே கிடைப்பது புதிய சரம். அதன் எண்கள் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். இங்கே அசலே கையில் இருக்கிறது, 4000 என்பது 4000ஆகவே இருக்கும். இந்த எண்களில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ‘கல்முனை’ நமக்கு நான்கு எழுத்து. ஈமேக்ஸுக்கு, புள்ளியையும் கால்களையும் தனித்தனியாக எண்ணி, ஏழு. எண்ணைக் கொண்டு எல்லை குறிக்கும் செய்நிரல் கவனமில்லாவிட்டால் ‘னை’க்கு நடுவிலேயே வெட்டிவிடும்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒடுக்கிய செய்நிரல் திரும்ப விரிக்க மறந்துவிட்டால்? பாவனையாளர் கோப்பைக் காணோமென்று பதறுவார். அதனால் ஈமேக்ஸ் லிஸ்ப் மொழியில் ‘சேவ் ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்றொரு ஏற்பாடு உண்டு. அதற்குள் எழுதிய வேலை முடிந்ததும், நடுவில் பிழை வந்து நின்றாலும்கூட, பழைய எல்லை தானாகத் திரும்பிவிடும். வீட்டுக்கு வந்தவர் நகர்த்திய கதிரையைப் போகும்போது எடுத்த இடத்தில் வைப்பது மாதிரி.

ஆனால் இது பூட்டு அல்ல. எந்தச் செய்நிரலும் ‘விரி’ என்று தானே கட்டளையிட்டு வெளியே பார்க்கலாம். சிலவற்றுக்கு அது தேவையும்கூட. நிரலுக்கு நிறம் தீட்டும் பகுதி, மேற்கோள்குறி முன்னால் எங்கே தொடங்கியது என்று தெரியாவிட்டால் நிறத்தைத் தவறாகத் தீட்டிவிடும். மறுபக்கம், மிக நீண்ட வரிகளுள்ள கோப்பில் அப்படி எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஈமேக்ஸ் திணறும். 2023இல் வந்த 29ஆம் பதிப்பு இதற்காகப் பெயரிட்ட எல்லையைக் கொண்டுவந்தது. ஓர் எல்லைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், சாதாரண ‘விரி’ அந்த எல்லைவரைதான் விரியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும் செய்நிரலுக்கே அதைத் தாண்ட முடியும். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நானா ஒத்துக்கொள்ளவில்லை, விரிக்க முடியாத செய்நிரல்களால் வரும் தொல்லை உனக்குத் தெரியாது என்றார்.

முதன்முறை ஒடுக்கும்போது ஈமேக்ஸ் உடனே கீழ்ப்படியாது. புதியவர்கள் குழம்பிவிடுவார்களென்று, உறுதிதானா என்று ஒருதரம் கேட்கும். பிறகு என்றாவது கோப்பின் பாதியைக் காணோமென்றால் அழ வேண்டாம். திரையின் அடியிலுள்ள பட்டியில் ‘நேரோ’ என்ற சொல் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.