கால்தாங்கிக் குழாயும் சயனைடு மேட்டு மணலும்

மதுக்கூடத்து உயர்ந்த இருக்கைகளின் கீழே, தரையினின்று சுமார் 20 செ.மீ. உயரத்தில் அமைக்கப்படும் கால்தாங்கிக் குழாயை மூலையில் வளைக்கும்போது, வெளிப்புறச் சுவர் நீண்டு மெலிகிறது, குழாயும் சப்பையாகிவிடுகிறது. இதனைத் தடுக்க, உள்ளே மணலை இறுகத் தட்டி நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, உலையில் காய்ச்சி வளைப்பர்.

கோரமண்டல் முதலிய கோலார் தங்கவயல் பகுதிகளில் மணலுக்குப் பஞ்சமில்லை எனத் தோன்றும். 2001-இல் மூடப்பெற்ற சுரங்கங்களின் கழிவு மேடுகள் கண்ணெதிரே நிற்கின்றனவே! ஆனால் அது மணலன்று. தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கரைசலிட்டு அலசிய பாறைத்தூள். அதன் நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலைக் கெடுக்கும். ஆதலின் தொழிற்கல்வி ஆசிரியர்கள் கழுவிய ஆற்றுமணலையே கையாளுதல் நன்று.

அம்மணலையும் வறுத்து உலர்த்துதல் வேண்டும். சிறிது ஈரம் தங்கினும் நீராவி பெருகி, அடைப்பைக் குண்டுபோல் வெளித்தள்ளும். குழாய் முனைக்கு நேராக மாணவர் எவரும் நிற்கலாகாது.