300 டாலரா, இடிந்த சீலிங்கா?



சட்டம் படிக்கிறவங்களுக்கு, எதிராளியை ஒத்துக்க வைக்கிற மாதிரி இங்கிலீஷில் எழுத ஆன்லைனில் சொல்லித்தர முடியுமா? எபிசோடில் நேரம் பத்தாம விட்டுப்போனது இங்கே.

முதல்ல ஒரு கேஸ். சான் ஃபிரான்சிஸ்கோவில் ரோஜர் கிரீன் என்பவர் வாடகை கட்டவில்லை. வீட்டு ஓனர் 300 டாலர் பாக்கி கேட்டு கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கு 1974-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

ஓனர் பக்கம் நின்னு எழுதினா, "கிரீன் குடியிருந்தார், வாடகை கட்டவில்லை" என்று ஒரே வரியில் முடிச்சிடலாம். கிரீன் பக்கம் வேற வரியில் தொடங்கும்: பாத்ரூம் சீலிங் இடிந்து விழுந்தது, யாரும் சரிசெய்யவில்லை. எலி, கரப்பான். நாலு ரூமில் ஹீட்டிங் இல்லை. நகர அதிகாரிகள் கண்டது சுமார் 80 விதிமீறல்கள். வாடகை விஷயம் அதுக்கப்புறம்தான் வரும்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எது முதலில் வருது என்பதுதான் வித்தியாசம். குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பது ஓனரின் கடமை, அது மீறப்பட்டால் வாடகைதாரர் அதையே தன் வாதமாக வைக்கலாம் என்று கோர்ட் தீர்ப்பளித்தது.

நிறைய எழுதினா ஜெயிக்கலாம் என்பதும் தப்பு. 2012-ல் நம்ம சான் ஹோசே ஃபெடரல் கோர்ட்டில் ஆப்பிள்–சாம்சங் வழக்கு. ஆப்பிள் தரப்புக்கு நாலு மணி நேரம்கூட மிச்சம் இல்லாத நிலையில், 22 சாட்சிகளைப் பற்றி 75 பக்கம் தாக்கல் செய்தார்கள். நீதிபதி லூசி கோ வெளிப்படையாகவே கோபப்பட்டார். படிக்கிறவரோட நேரத்தை மதிக்காத எழுத்து யாரையும் ஒத்துக்க வைக்காது.

சரி, ஆன்லைனுக்கு வருவோம். முழுக்க ஆன்லைனில் நடந்த கான்கார்ட் சட்டக் கல்லூரி 1998-லேயே கலிபோர்னியாவில் வந்துவிட்டது. ஆனா வீடியோ பார்த்து நீச்சல் கத்துக்க முடியாத மாதிரி, லெக்சர் பார்த்து எழுதக் கத்துக்க முடியாது. திருத்தித் திருத்தித்தான் வரும்.

அந்தத் திருத்தம் ஆன்லைனில் நல்லாவே நடக்கும். கிரீன் கேஸையே எடுத்துக்கோங்க. பாதி வகுப்பு ஓனர், பாதி வகுப்பு வாடகைதாரர். தனித்தனி ஜூம் ரூமில் 20 நிமிடம் எழுதி, எதிர்க்கட்சிக்கு மாத்திக் கொடுக்கணும். "உன் முதல் வரியைப் படிச்சதும் எனக்கு யார் மேல கோபம் வந்தது?" என்று அவங்க சொல்லணும். கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரியில் எந்த வரி எங்கே நகர்ந்தது, எது போனது என்று ஆசிரியருக்குத் தெரியும். காகிதத்தில் வாங்கின கட்டுரையில் இது தெரியவே தெரியாது.

"சாட்ஜிபிடியே எழுதுமே" என்பீங்க. 2023-ல் நியூயார்க்கில், மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், அது கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள். 5,000 டாலர் அபராதம். பணத்தைவிடப் பெரிய நஷ்டம், நீதிபதியோட நம்பிக்கை போனது. ஒரு தடவை போனா அடுத்த பக்கத்தை யார் நம்பிப் படிப்பாங்க?

ஊரில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பாங்க, பார்த்திருப்பீங்க. இங்கே அந்த வேலை நம்ம வீட்டுப் பிள்ளைகளோடது. பன்னிரண்டு வயசிலேயே அப்பாவுக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு லெட்டர் எழுதினவங்க நம்மில் எத்தனை பேர்! அதுவும் வக்கீல் வேலைதான்.

அடுத்த தடவை அம்மா, "இதை நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுடா" என்று சொன்னா, பெரிய வார்த்தை தேடாதீங்க. "சீலிங் எப்போ விழுந்துச்சும்மா?" என்று கேளுங்க. லெட்டரை அங்கிருந்து ஆரம்பிங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.