மண்ணைப் பிடிக்கும் கொக்கி

மைசூருவிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கிறது. காவிரியின் குறுக்கே 1911-ல் கட்டத் தொடங்கிய அணை. அதன் பின்பக்கம் நீர் கடல்போல் பரந்து கிடக்கும். விடியற்காலையில் அங்கே போனால் மீன்பிடிக்கும் பரிசல்களைப் பார்க்கலாம். மூங்கில் பிளாச்சில் கூடைபோல் பின்னி, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி, தார் பூசியிருப்பார்கள். முன்பு தோல் போர்த்துவார்கள். அந்த ஊர்க் கன்னடத்தில் இதற்கு ‘ஹரிகோலு’ என்று பெயர்.

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வட்டமாக இருப்பதால் லேசான காற்று அடித்தாலே சுற்றிக்கொண்டு நகர்ந்துவிடும். ஒரே இடத்தில் நின்று மீன் பிடிக்க வேண்டுமானால் என்ன வழி? கயிற்றில் ஒரு கருங்கல்லைக் கட்டித் தண்ணீரில் இறக்க வேண்டியதுதான். உலகத்தின் மிகப் பழைய நங்கூரம் இதுதான். குஜராத்தில் துவாரகைக் கடலடியில் துளையிட்ட கல் நங்கூரங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன.

பரிசலுக்குத் தம்பி ஒன்று உண்டு. அதன் பெயர் கயாக். ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான பிளாஸ்டிக் படகு. அதில் போய்த் தூண்டில் போடுகிறவர்களுக்கும் நங்கூரம் வேண்டும். ஆனால் சின்னப் படகில் பெரிய கல்லை ஏற்றவும் முடியாது, அதைத் தூக்கி வீசவும் முடியாது. ஒன்றரைக் கிலோ நங்கூரமே போதும் என்கிறார்கள் அவர்கள். படகும் ஆளும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் வரும். அதை ஒன்றரைக் கிலோ எப்படி நிறுத்தும்?

முதலில் கல்லைக் கவனிப்போம். 2.7 கிலோ எடையுள்ள கருங்கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பருமன் சுமார் ஒரு லிட்டர். தண்ணீரில் இறக்கியதும் அது ஒரு லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே நீருக்குள் கல்லின் எடை 1.7 கிலோவாகக் குறைந்துவிடும். இது ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி. தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நங்கூரமாக இறக்கினால் இன்னும் மோசம். உள்ளே இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர். அது ஏறக்குறைய எடையே இல்லாமல் தொங்கும்.

ஆகவே எடையை மட்டும் நம்பினால் படகு நிற்காது. பிடி வேண்டும். கொக்கி மண்ணுக்குள் புதைந்துவிட்டால், தன் எடையைக் காட்டிலும் பல மடங்கு இழுப்பைத் தாங்கும். ஏனென்றால் அந்தக் கொக்கியை நகர்த்த, அதன் முன்னால் இருக்கும் மண் முழுவதையும் சேர்த்துத் தள்ள வேண்டும்.

ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியல் அறிஞர் இதைப் பற்றி ஆழமாக யோசித்தார். நீரும் காற்றும் ஓடும் விதத்தை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். படகோட்டுவதில் கொள்ளை ஆசை. 1933-ல் அவர் வடிவமைத்த நங்கூரம் எதைப்போல் இருந்தது தெரியுமா? நம் ஊர் ஏர்க் கலப்பையின் கொழுவைப்போல! மாடு இழுக்க இழுக்கக் கொழு மண்ணில் இறங்குகிறதல்லவா? அதேபோல் படகு இழுக்க இழுக்க அந்த நங்கூரமும் மண்ணுக்குள் இறங்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இழுப்பு படுக்கை வாட்டில் இருக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் எந்தக் கொக்கியும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் கயிற்றின் நீளம் முக்கியம். தண்ணீரின் ஆழம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 மீட்டர் கயிறு விட்டால், அது தரையோடு 30 பாகைக் கோணத்தில் நிற்கும். 20 மீட்டர் விட்டால் கோணம் சுமார் 12 பாகைதான். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விட்டால் கொக்கி நன்றாகப் பிடிக்கும். கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு மீட்டர் சங்கிலி கோத்தால், அதன் கனம் கயிற்றின் நுனியைத் தரையோடு படிய வைக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அகலமான பேசினில் நாலு விரல் உயரம் மணலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். கட்டுக்கம்பியை வளைத்து ஒரு குட்டிக் கொக்கி செய்யுங்கள். அதே எடையில் ஒரு கூழாங்கல்லும் தேடி எடுங்கள். இரண்டிலும் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ரப்பர் பேண்டைக் கோத்து இழுங்கள். கல்லோ கொக்கியோ நகரும்போது ரப்பர் எவ்வளவு நீண்டது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். நேர் மேலாக, சாய்வாக, மணலோடு ஒட்டி என்று மூன்று விதமாக இழுங்கள். கூழாங்கல் எப்படி இழுத்தாலும் சுலபமாக வந்துவிடும். கொக்கியோ மணலோடு ஒட்டி இழுக்கும்போது ரப்பரை நன்றாக நீள வைக்கும்.

கயாக் வைத்திருக்கும் பெரியவர்கள் உண்மையான நங்கூரத்தையே வீட்டில் செய்துகொள்ளலாம். 8 மில்லிமீட்டர் கட்டடக் கம்பி, 45 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகள். அவற்றை ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, சிமென்ட் கலவை ஊற்றி இறுக விட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை, கம்பி கட்டும் மேஸ்திரியிடம் கொடுத்தால் குடைக்கம்பிபோல் நான்கு பக்கமும் வளைத்துத் தருவார். தலைப்பக்கம் ஒரு வளையம், கொக்கிப் பக்கம் ஒரு வளையம். எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் கிலோவுக்குள் முடிந்துவிடும்.

இரண்டு வளையம் எதற்கு? காவிரிப் படுகையில் பாறை அதிகம். கொக்கி பாறை இடுக்கில் சிக்கினால் நங்கூரம் போனதுதான். அதனால் கயிற்றைக் கொக்கிப் பக்க வளையத்தில் கட்டி, தண்டோடு கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய நூலால் மட்டும் இணைப்பார்கள். சாதாரண இழுப்பை நூல் தாங்கும். சிக்கிக்கொண்டால் ஓங்கி இழுக்க வேண்டும். நூல் அறுந்து, இழுப்பு கொக்கிப் பக்கத்துக்கு மாறும். நங்கூரம் வந்த வழியே பின்னோக்கி விடுபட்டுவிடும். ஒரு துண்டு நூல் முழு நங்கூரத்தையும் காப்பாற்றுகிறது!

ஓடும் நீரில் கயிற்றைப் படகின் பக்கவாட்டில் கட்டவே கூடாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். குறுக்கே நிற்கும் படகை அந்த விசை கவிழ்த்துவிடும். படகின் மூக்கிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். அவசரத்தில் சட்டென்று அவிழ்க்கும்படி முடிச்சும் போட வேண்டும்.

குழந்தைகளே, ஆற்றில் இறங்கி இதைச் சோதிக்க வேண்டாம். மைசூருவுக்குப் பக்கத்தில் ரங்கனதிட்டு அருகே காவிரியில் முதலைகளே இருக்கின்றன. எந்தப் படகில் ஏறினாலும் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், உடம்பில் மிதவைச் சட்டை இருக்கட்டும். இப்போதைக்கு உங்கள் ஆறு அந்தப் பேசின்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே சோதனையைச் செய்யுங்கள். மூன்று விதமாக இழுத்தபோது ரப்பர் எத்தனை சென்டிமீட்டர் நீண்டது என்று அட்டவணை போட்டு, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.