குழந்தைகள் காப்பகம்: சேர்க்குமுன் பார்க்க வேண்டியவை

நெசவாளர் இல்லத்தில் தறித்தொழில் ஒருவர் உழைப்பால் மட்டும் நடப்பதன்று. கணவர் தறிக்குழியில் அமர்ந்தால் மனைவி ராட்டையில் தார் சுற்றுவார். பாவுக்குக் கஞ்சி போடும் நாளில் வீட்டார் அனைவரும் தெருவில் நிற்பர். நடவுக் காலத்தில் உழவர் இல்லத்தின் நிலையும் இதுவே. அவ்வேளையில் தவழும் குழந்தை சாயத்தொட்டியின் அருகிலோ, கைப்பிடிச் சுவரில்லாக் கிணற்றோரத்திலோ, பூச்சிமருந்து வைத்த மூலையிலோ தனித்திருக்க நேரிடுகிறது. ஆதலின், பகற்பொழுதில் குழந்தையை நம்பி விடத்தக்க இடம் உழைக்கும் குடும்பத்திற்கு இன்றியமையாதது.

1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே, ஆறு வயதிற்குட்பட்டோருக்கு அங்கன்வாடியில் ஊட்டச்சத்து உணவும் முன்பருவக் கல்வியும் கிடைக்கின்றன. அருகில் இருப்பின் முதலில் அதனைக் காண்க. தனியார் காப்பகத்தை நாடுவோர், சுவரோவியங்களையும் ஆங்கிலப் பாட்டுகளையும் கண்டு முடிவு செய்தல் கூடாது.

சங்கத்தை ஆய்வு செய்யச் செல்லும் எம்போன்றோர், புத்தகத்தில் எழுதிய இருப்பை மட்டும் நம்புவதில்லை. கிடங்கைத் திறந்து சேலைகளை எண்ணுகிறோம். சொல்லாமற் சென்றால்தான் உண்மை புலப்படும். பெற்றோரும் அவ்வாறே உணவு வேளையில் ஒருமுறையும், குழந்தைகள் உறங்கும் வேளையில் ஒருமுறையும் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தல் வேண்டும். பெற்றோரை உள்ளே விட மறுக்கும் இடம் நமக்கு வேண்டாம்.

முதலாவது, ஆட்களை எண்ணுக. மூன்று வயதிற்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் வேண்டுமென 2018இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறின. முப்பது மழலையரை ஓர் ஆயாவிடம் விட்டிருந்தால், அவர் எத்துணை அன்புடையவராயினும் அது காவலாகாது.

இரண்டாவது, கூரையையும் வழியையும் பார்க்க. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறத்தலாகாது. ஓலைக்கூரை, அடுப்பை ஒட்டிய அறை, குறுகிய மாடிப்படி, பூட்டிய கதவு ஆகிய இவற்றுள் ஒன்று இருப்பினும் திரும்பிவிடுக.

மூன்றாவது, குடிநீர், கழிப்பறை, தொட்டிகளின் மூடி, மின்செருகிகளின் உயரம் ஆகியவற்றை நோக்குக. ஒரு வாளி நீரும் தவழும் குழந்தைக்கு ஆழமே.

நான்காவது, மாலையில் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கின்றனர் எனக் கேட்டறிக. பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயருடையோரன்றிப் பிறரிடம் அனுப்புதல் கூடாது.

சேர்த்தபின்னரும் கவனம் வேண்டும். முதல் சில நாள் அழுவது இயல்பு. ஆயின் நாட்கள் சென்றும் ஒருவரைக் கண்டு குழந்தை நடுங்கினால், அதனை அடம் என்று கடிந்து கொள்ளாது உடனே விசாரிக்க வேண்டும். 1098 என்ற தொலைபேசி எண்ணில் உதவி பெறலாம்.

கட்டணம் குறைந்த இடத்தில் ஆள் குறைவாயிருப்பது ஏன் என்பதை நம் அங்கத்தினருக்கு விளக்க வேண்டுவதில்லை. தனியொருவரால் இயலாததைக் கூடிச் செய்வதே நம் முறை. அகமதாபாத்தில் 1972இல் தோன்றிய சேவா சங்கத்தைச் சார்ந்த பெண்கள் குழந்தைக் காப்பகத்தையே கூட்டுறவாக நடத்திக் காட்டினர். நம் சங்கங்களும் பெண் அங்கத்தினர் மூவரைக் கொண்ட குழுவமைத்து, ஊரிலுள்ள காப்பகங்களை மாதந்தோறும் பார்த்து வரச் செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுகிறேன்.