முயற்சிக்கும் வசவுக்கும் ஒரே தொடர்

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அன்றாடப் பேச்சில் ஓயாமல் புழங்கும் தொடர் 'ஹேவ் எ கோ'. முயன்று பார் என்பதுதான் பொருள். வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் 1946 முதல் 1967 வரை பிபிசி வானொலியில் நடத்திய வினாடி வினா நிகழ்ச்சிக்கு இதுவே பெயர். சாதாரண மக்களை மைக் முன்னால் பேசவைத்த நிகழ்ச்சி அது. திருடனைத் துணிந்து மடக்கும் வழிப்போக்கரைப் பிரிட்டிஷ் நாளிதழ்கள் 'ஹேவ் எ கோ ஹீரோ' என்கின்றன. இதே தொடரோடு 'அட்' சேர்ந்து, அதன்பின் ஓர் ஆள் வந்தால் பொருள் மாறிவிடுகிறது. 'ஹேவ் எ கோ அட் தி கிராஸ்வேர்ட்' என்றால் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டுப் பார்ப்பது. 'ஷி ஹேட் எ கோ அட் மீ' என்றால் அவள் என்னைத் திட்டினாள்.

மரபுத்தொடருக்குக் காரணம் தேடக் கூடாது, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான் என்பார்கள். இங்கே காரணம் கண்ணுக்கெதிரே இருக்கிறது. ஒருவரிடம் பந்தை எறிவதைச் சொல்லும்போது 'டு' வந்தால், அவர் பிடிப்பதற்காக எறிந்தது. 'அட்' வந்தால், அவர்மேல் படுவதற்காக எறிந்தது. 'அட்' இலக்கைக் காட்டும் சொல். வேலை இலக்கானால் அது முயற்சி, ஆள் இலக்கானால் தாக்குதல். 'டேக் எ ஷாட் அட்' என்ற தொடரும் இதே இரு பொருளையும் தருகிறது. நம் பேச்சிலும் இந்தப் போக்கு உண்டு: 'இந்த வேலையை ஒரு கை பார்க்கலாம்' என்பதில் இருப்பது ஊக்கம், 'அவனை ஒரு கை பார்க்கிறேன்' என்பதில் இருப்பது மிரட்டல்.

இந்த விதி எப்போதும் பொருந்தாது என்று மறுக்கலாம். அரசாங்கம் ஆள் இல்லை. ஆனாலும் 'ஹேவ் எ கோ அட் தி கவர்ன்மென்ட்' என்றால் அரசைச் சாடுவதுதான். மறுபுறம், சதுரங்க வீரரைக் காட்டி 'லெட் மி ஹேவ் எ கோ அட் ஹிம்' என்றால், அவரோடு நான் ஆடிப் பார்க்கிறேன் என்று பொருள்படலாம். இவை விதியை உடைப்பதில்லை, கூர்மையாக்குகின்றன. இலக்கு ஆளா பொருளா என்பதைவிட, அதன்மேல் பழி சுமத்தப்படுகிறதா என்பதே கேள்வி. அரசின்மேல் பழி விழுகிறது. சதுரங்க எதிராளிமேல் விழவில்லை.

பிரிட்டிஷ் மேலாளர் 'ஹேவ் எ கோ' என்றால் அது அழைப்பு, தயங்காமல் இறங்கலாம். சக ஊழியர் 'ஸ்டாப் ஹேவிங் எ கோ அட் மீ' என்றால் அவர் மனம் புண்பட்டிருக்கிறது. அங்கே தேவை சமாதானம். இது பேச்சு வழக்கு என்பதால், விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் 'டிரை', 'கிரிட்டிசைஸ்' என்று எழுதுவதே முறை. ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இத்தொடர்களைப் பட்டியலாகக் கொடுக்காமல் காரணத்தோடு சொல்லித்தர வேண்டும். காரணம் புரிந்த மாணவர், பட்டியலில் இல்லாத வாக்கியத்தையும் தாமே பிரித்தறிவார்.