கொதிக்கும் ஏரிக்குப் போகும் பாதை

கரீபியன் தீவு என்றதும் வெண்மணல் கடற்கரையை எதிர்பார்த்து டொமினிக்காவில் இறங்கினால் ஏமாற்றம்தான். (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, விமானச் சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.) எரிமலைகள் எழுப்பிய தீவு இது. கடலோரத்தை விட்டால் உடனே ஏற்றம். தென்பகுதியில், ஏறத்தாழ 7,000 ஹெக்டேரில் இருக்கிறது மோர்ன் த்ருவா பித்தோன் தேசியப் பூங்கா. 1975-இல் உருவானது, 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

தலைநகர் ரோசோவிலிருந்து லோடா கிராமம் வரை வண்டி போகும். மலைமேல் இருக்கும் கொதிக்கும் ஏரிக்கு அங்கிருந்து நடைதான். போக வரச் சுமார் 13 கிலோமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். மழையும் சேறும் வழுக்கும் மரப்படிகளும் சேர்ந்து ஆறேழு மணி நேரத்தை விழுங்கிவிடும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

காடு சட்டென்று முடிந்து, மரமே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. எங்கும் கந்தக நெடி. மஞ்சளும் வெள்ளையுமாகப் பாறைகள், சாம்பல் நிறத்தில் ஓடைகள், மண்ணிலிருந்து சீறும் நீராவி. எங்கே கால் வைக்கலாம் என்பது வழிகாட்டிக்குத்தான் தெரியும். அங்குள்ள வெந்நீர் ஊற்றிலேயே முட்டை அவித்துக் கொடுப்பவர்களும் உண்டு.

அதற்கப்பால்தான் ஏரி. அகலம் 60 மீட்டர் இருக்கும். கீழே எரிமலைக் குழம்பின் சூடு. அதிலிருந்து வரும் வாயு பாறைப் பிளவு வழியே மேலே வருகிறது. மழைநீர் தேங்கிய பள்ளத்தை அது கொதிக்க வைக்கிறது. ஓரத்திலேயே 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். நடுவில் தண்ணீர் குமுறிக்கொண்டே இருக்கும். ஆவி மறைத்திருந்தால் காற்று அடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2004 கடைசியில் ஏரி திடீரென வற்றிப்போய், சில மாதங்களில் மறுபடி நிரம்பியது.

2017 செப்டம்பரில் மரியா புயல் இந்தக் காடுகளை மொட்டையடித்துவிட்டுப் போனது. பச்சை திரும்பிவிட்டது.

ஏரிக்குக் கேபிள் கார் அமைக்கவும் வேலை தொடங்கினார்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நல்ல செய்திதான். தெம்புள்ளவர்கள் நடந்தே போகட்டும் என்பது என் கட்சி. பாதை தொடங்கும் இடத்திலேயே டிட்டூ இடுக்கு இருக்கிறது: இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே ஆழமான குளிர்ந்த நீர், உள்ளே நீந்திப் போனால் ஓர் அருவி. களைத்துத் திரும்பிய உடம்போடு அதில் இறங்க வேண்டும். மாற்றுத் துணி அவசியம்.