குடில் சொல்லும் நற்செய்தி



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்தவ இல்லங்களின் தோற்றமே மாறிவிடுகிறது. வாசலில் வண்ணக் காகித நட்சத்திரம் தொங்குகிறது. அடுப்படியில் முறுக்கும் அதிரசமும் மணக்கின்றன. மாலை நேரங்களில் கீதம் பாடும் குழுவினர் வீடு வீடாக வருகின்றனர். இவை யாவும் மகிழ்ச்சி தருவனவே. ஆயினும் இம்மகிழ்ச்சிக்கெல்லாம் காரணமான செய்தி ஒன்று உண்டு: கடவுள் நம்மைத் தேடி ஓர் ஏழைக் குழந்தையாக வந்தார் என்பதே அது. இச்செய்தியை நம் அண்டை வீட்டாருக்கும், நம்முடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் பிற சமயத் தோழியருக்கும் எவ்வாறு பகிர்ந்தளிப்பது?

இக்கேள்விக்கு விடை எளிதன்று. வற்புறுத்திச் சொன்னால் நட்புக் கெடும். ஒன்றுமே சொல்லாமல் மறைத்தாலோ, நம் உள்ளத்தில் மிக அருமையாகப் போற்றுவதை நெருங்கிய தோழிக்கும் காட்டாதவர்கள் ஆவோம். இவ்விரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று உண்டு. நாம் ஆண்டுதோறும் கட்டும் குடிலே அவ்வழியை நமக்குக் கற்பிக்கிறது.

குடில் தோன்றிய வரலாறு

1223ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்னும் மலையூர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சுமார் பதினைந்து நாட்களுக்கு முன், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், அவ்வூரில் வாழ்ந்த ஜான் என்னும் நண்பரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். பெத்லகேமில் பாலன் இயேசு அனுபவித்த வறுமையைக் கண்ணாரக் காண அவர் விரும்பினார். அதன்படி ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஆயத்தமாயின. உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவரப்பட்டன. விழா இரவில் ஊர் மக்கள் தீப்பந்தங்களையும் மெழுகுவர்த்திகளையும் ஏந்தி அங்கே கூடினர். தீவனத் தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேறியது. குருவானவராக அன்றித் திருத்தொண்டராக வாழ்ந்த பிரான்சிஸ், நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அக்காலத்தில் திருப்பலி இலத்தீன் மொழியில் நடைபெற்றது. எழுத்தறியாத உழவர்களும் அன்று நற்செய்தியைத் தம் கண்களாலேயே படித்தனர் எனலாம்.

இந்நிகழ்ச்சியின் எண்ணூறாம் ஆண்டு 2023இல் நிறைவுற்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், குடிலின் பொருளை விளக்கும் மடலில் 2019 டிசம்பர் 1ஆம் நாள் கிரேச்சோவிலேயே கையெழுத்திட்டார்.

குடில் அமைத்த இதே பிரான்சிஸ், 1219இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குச் சென்றார். ஆயுதமின்றி, ஒரு தோழருடன் மட்டும் போர்முனையைக் கடந்து, சுல்தான் அல்-காமில் அவர்களைச் சந்தித்தார். சுல்தான் அவரை மரியாதையுடன் வரவேற்றுப் பேசி, நலமாகத் திருப்பி அனுப்பினார். பின்னர் 1221இல் தம் சபையினருக்கு எழுதிய ஒழுங்கில், பிற சமயத்தாரிடையே வாழும் சகோதரர்களுக்கு இரண்டு வழிகளைக் கூறினார் பிரான்சிஸ். முதல் வழி, எவரோடும் வாதாடாமல் சண்டையிடாமல் எல்லாருக்கும் பணிந்து வாழ்ந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொள்வது. இரண்டாவது வழி, அது இறைவனுக்கு விருப்பம் என்று காணும்போது வாய் திறந்து அறிவிப்பது. முதலில் வாழ்வு, பின்னரே வாக்கு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் மண்ணில் நற்செய்தி

திருவருகைக் காலத்தில், டிசம்பர் 3ஆம் நாள் நாம் கொண்டாடும் புனித சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, மொழி அறிந்தவர்களின் துணையோடு முக்கிய செபங்களைத் தமிழில் அமைத்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஒலித்துச் சிறுவர்களைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார். கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித் தரும்படி அச்சிறுவர்களையே அனுப்பினார். நோயாளிகளிடம் சென்று செபிக்கவும் அவர்களை ஏவினார். “நாம் சிறுமிகள், நம்மால் என்ன ஆகும்?” என்று எண்ணுபவர்களுக்கு இது நல்ல பாடம் அன்றோ!

வீரமாமுனிவரோ தமிழைக் கற்றுத் தேர்ந்து 1726இல் ‘தேம்பாவணி’ என்னும் காப்பியத்தைப் படைத்தார். 3,615 பாடல்களைக் கொண்ட அந்நூலின் தலைவர் புனித சூசையப்பர். அவருக்கு ‘வளன்’ என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார் முனிவர். பிறரிடம் பேச வேண்டுமானால் அவர்கள் மொழியை நேசித்துக் கற்க வேண்டும் என்பது இவர் நமக்குக் காட்டும் வழி.

கேட்பவர்க்கு விடை கூறுவோம்

நம்பிக்கைக்கு விளக்கம் கேட்கும் எவருக்கும் பதில் கூற ஆயத்தமாய் இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் கூறுங்கள் என்பது புனித பேதுரு தம் முதல் திருமுகத்தில் தரும் அறிவுரை. நம் குடிலைக் காண வரும் தோழியர் கேட்கும் கேள்விகள் பல. அவற்றுக்கு உண்மையான விடை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“உங்கள் கடவுள் ஏன் மாட்டுத் தொழுவில் பிறந்தார்?” விடுதியில் இடம் கிடைக்காததால் அன்னை மரியாள் குழந்தையைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்கிறது லூக்கா நற்செய்தி. அரண்மனை வாசலில் காவலர் நிற்பார்கள். தொழுவத்துக்குள் யாரும் நுழையலாம். தம்மை அணுக எவரும் அஞ்சக்கூடாது என்றே இறைவன் எளியவராய் வந்தார் என்பது நம் விசுவாசம்.

“மாடும் கழுதையும் எதற்கு?” இவை லூக்கா நற்செய்தியில் குறிப்பிடப்படவில்லை. மாடு தன் உடைமையாளனையும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியையும் அறியும் என்று எசாயா இறைவாக்கினர் உரைத்ததை நினைந்து, பழங்காலக் கிறிஸ்தவர்கள் இவற்றைச் சேர்த்துக்கொண்டனர்.

“மூன்று அரசர்கள் யார்?” மத்தேயு நற்செய்தி இவர்களைக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்றே சொல்கிறது. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகிய மூன்று காணிக்கைகளை வைத்தே மூவர் எனக் கொண்டனர். அவர்கள் வேற்று நாட்டார். ஆயினும் பாலனைக் காண அவர்களுக்குத் தடை இருக்கவில்லை.

“தொட்டி ஏன் காலியாக இருக்கிறது?” நள்ளிரவுத் திருப்பலி வரை குழந்தைச் சுரூபத்தை வைக்காமல் காத்திருப்பது பலரது வழக்கம். திருவருகைக் காலம் முழுவதும் நாம் காத்திருப்பதை அது உணர்த்துகிறது.

கொடுத்தலும் பெறுதலும்

பகிர்தல் என்பது ஒரு வழிப் பாதை அன்று. நவராத்திரியில் இந்துத் தோழியர் நம்மைக் கொலுவுக்கு அழைத்துச் சுண்டல் தருகின்றனர். ரமலான் மாதத்தில் இஸ்லாமியத் தோழியர் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வருகிறது. அவர்கள் தம் விழாவின் பொருளைச் சொல்லும்போது நாம் ஆர்வத்துடன் கேட்கிறோம். அதே உரிமையோடு நாமும் அவர்களைக் குடிலுக்கு அழைக்கலாம். கேழ்வரகை விதைத்துக் குடிலுக்குப் புல்வெளி அமைக்கும் வேலையிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நாம் கொடுக்கும் பலகாரமும், ஏழைகளுக்காகச் சேர்க்கும் அரிசியும் துணியும் தூண்டிலில் வைக்கும் இரை ஆகிவிடக்கூடாது. பெறுபவரின் சமயம் எது என்று கேளாமல், கைம்மாறு கருதாமல் கொடுப்பதே கிறிஸ்துவின் அன்பு. விசுவாசம் சுதந்திரமாக ஏற்கப்பட வேண்டும், எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக அறிவித்தது. பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்றும் அதே ஆண்டில் எடுத்துரைத்தது. நம் நாட்டு அரசியலமைப்பின் 25ஆம் பிரிவும் ஒவ்வொருவருக்கும் மனச்சான்றின் உரிமையை வழங்குகிறது. நம் உரிமையைப் போலவே தோழியின் உரிமையும் மதிப்பிற்குரியது.

முதன்முதல் நற்செய்தியைப் பெற்றவர்கள், இரவில் ஆடு காத்துக்கொண்டிருந்த ஏழை இடையர்கள். அவர்கள் விரைந்து சென்றனர், கண்டனர், கண்டதைப் பிறருக்குச் சொன்னார்கள். பின்பு கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிச் சென்றனர். எவரையும் அவர்கள் இழுத்துக்கொண்டு போனதாக நற்செய்தியில் இல்லை. அவர்களது மகிழ்ச்சியே சாட்சியாயிற்று.

ஆகவே, தோழியரே! இந்த விழாக் காலத்தில் வீட்டில் பொறுமையாய் இருப்போம். பேசாதிருக்கும் தோழியிடம் நாமே சென்று பேசுவோம். தனித்து வாழும் முதியவர் ஒருவரையேனும் கண்டு வருவோம். குடிலுக்கு வருபவரை இன்முகத்துடன் வரவேற்போம். “இவ்வளவு மகிழ்ச்சி உனக்கு எங்கிருந்து வந்தது?” என்று எவரேனும் கேட்டால், வெட்கப்படாமல் பாலன் இயேசுவைச் சுட்டிக் காட்டுவோம்.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா நல்வாழ்த்துகள்!

— பத்தாம் வகுப்பு மாணவி